முழங்கால் மடிந்தால் படம் ஓடும்

எங்கள் வீட்டில் தமிழ்ப் படம் பார்ப்பதற்குத் துணிவு வேண்டும். கதாநாயகனும் கதாநாயகியும் ஒரே மரத்தின் இரு பக்கத்திலிருந்தும் எட்டிப் பார்க்கத் தொடங்கினால் போதும். என் மனைவி ரிமோட்டைத் தேடுவாள். அது அந்த வேளை பார்த்துக் குஷன் கதிரையின் இடுக்கில் விழுந்து கிடக்கும். நான் மேசையிலுள்ள பத்திரிகையை, முதல் நாளைய பத்திரிகை என்று தெரிந்துகொண்டே, ஊன்றி வாசிப்பேன். பக்கத்து அறையிலிருந்து மாமி காரணமில்லாமல் இருமுவார். மழை நின்று, பாட்டு முடிந்து, கதாநாயகி உலர்ந்த சேலையோடு வீடு திரும்பும்வரை எங்கள் வீட்டில் எவரும் எவரையும் பார்ப்பதில்லை.

இதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கிழக்கே, கல்முனைப் பக்கத்தில், மணமகன்தான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். வீடு பெண்ணுக்குரியது, அதில் அவளுடைய தாய்க்கும் ஓர் அறை உண்டு, மருமகன் என்பவன் எத்தனை ஆண்டு கழிந்தாலும் சற்றே பழைய விருந்தாளி. என் மாமி முந்திய தலைமுறையைச் சேர்ந்தவர். மருமகனுக்கு முன்னால் வந்து அமர்வதையும் அவனோடு நேரே கதைப்பதையும் ஒழுங்கீனமாகக் கருதுபவர். நான் தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்திக் கூடத்தில் அமர்ந்திருக்க, கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து, "மகள், மருமகன் தேத்தண்ணி குடிச்சாரா எண்டு கேளு" என்பார். என் விடையும் அவ்வழியே, மனைவி வாயிலாகத் திரும்பிச் செல்லும். இந்த அஞ்சற் சேவையில் இருதரப்புச் செய்திகளையும் அவள் திருத்தியும் சுருக்கியும் சேர்ப்பதுண்டு. குடும்பம் நிலைத்திருப்பது அத்திருத்தங்களால்தான்.

இத்தகைய வீட்டுக்கென்றே எடுக்கப்பட்டவை போல வந்து சேர்ந்தவை தமிழில் குரல் மாற்றப்பட்ட சீனத்துச் சிரிப்புச் சண்டைப் படங்கள். அவற்றிலும் மரத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். ஆனால் பின்னால் ஒருவன் கட்டையோடு துரத்துவதால் ஓடுகிறார்கள். பெண்கள் வந்தால் அவர்களும் உதைக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவையேனும் இரும வேண்டிய தேவை எழுவதில்லை. கல்முனைக் கடைத்தெருவில் ஒருவர் இவ்வகைப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பார். மனைவி வாங்கி வருவாள். மாமி வேலைக்கிடையே வந்துபோகும்போது சீலையை விலக்கி ஒரு பார்வை பார்ப்பார். நான் முழுவதும் இருந்து பார்த்துவிட்டுக் குறை சொல்வேன்.

குறைகளுக்குப் பஞ்சமில்லை. மலையுச்சி மடத்தில் நெடுங்காலம் மௌனம் காத்த துறவி வாயைத் திறந்ததும் சென்னைத் தெருப்பேச்சில் "இன்னாபா" என்கிறார். துறவிக்கும் அவருடைய சீடனுக்கும் அவ்விருவரையும் அடிக்க வந்தவனுக்கும் ஒரே மனிதர் குரல் கொடுக்கிறார். ஆதலால் வாய்ச்சண்டை முழுவதும் ஒருவர் தம்மைத் தாமே ஏசிக்கொள்வது போலக் கேட்கிறது. உதடு நின்ற பிறகும் பேச்சு நிற்பதில்லை. கதை, குரு கொல்லப்படுவதில் தொடங்கிச் சீடன் பழிவாங்குவதில் முடியும். இடையில் குருவைப் பற்றி எவருக்கும் நினைவிருப்பதில்லை. எல்லாவற்றிலும் வியப்பானவர்கள் அடியாட்கள். இருபது பேர் ஒருவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். பிறகு, ஆஸ்பத்திரியில் இலக்கத் துண்டு எடுத்தவர்களைப் போலத் தம் முறை வரும்வரை பொறுமையாக நிற்கிறார்கள். இவற்றையெல்லாம் நான் மனைவியிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன். மாமிக்கு அவள் சேர்ப்பித்தாளா என்பது தெரியாது.

இந்நிலையில்தான் மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்காற்சில்லை உடைத்துக்கொண்டார்.

பிளாஸ்டர் போட்டார்கள், உரிய காலத்தில் வெட்டி எடுத்தார்கள். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் கால் மடிய மறுத்தது. பலகை போல நீண்டே நின்றது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாட முடிந்தது. தொழுகையைத்தான் கதிரையில் இருந்தபடி நிறைவேற்ற வேண்டியதாயிற்று. அதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்று மாமிக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இருந்தும் அவருக்கு அது பொருந்தவில்லை.

"கூடும்தான், ஓம். ஆனா மகள், கதிரையில இருந்து தொழுறது பஸ்ஸுல போற மாதிரி இரிக்கி. எப்ப இறங்கிற எண்டு மனம் ரோட்டுலயே நிக்கிது."

நெற்றி நிலத்தில் பட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்கு முழங்கால் மடிய வேண்டும்.

அருகிலுள்ள காரைதீவிலிருந்து ஓர் இளம்பெண் மூட்டுப் பயிற்சி கொடுப்பதற்காக வந்துபோனாள். இனிமையாகக் கதைப்பவள், காலைப் பிடித்தால் இனிமையைக் கூடத்தில் வைத்துவிட்டுச் செல்பவள். சீலைக்கு அப்பால் நடந்த உரையாடல் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

"உம்மா, இப்ப மடக்கினாத்தான் மடியும். இன்னும் கொஞ்ச மாசம் போச்செண்டா இப்படியே இறுகிப் போயிரும். மறுகா நானும் ஒண்டும் செய்யேலாது."

"மடக்கிறன் மகள்."

"நேற்று எத்தினை தரம் மடக்கினீங்க?"

"நிறைய."

"நிறைய எண்டா?"

"நீங்க என்ன, கணக்கு டீச்சரா மகள்?"

உண்மையில் அவர் மடக்கவேயில்லை. கட்டில் விளிம்பில் அமர்ந்து காலைத் தொங்கவிட்டு மெல்ல மெல்ல மடக்க வேண்டும். நோவு உயிரைப் பிடுங்கியது. முதலில் தலைவலி என்றார். பிறகு மழைக்குணம் என்றார். பிறகு மருமகன் வீட்டிலிருக்கும்போது காலை ஆட்டிக்கொண்டிருப்பது அழகில்லை என்றார். நான் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போயிருந்த வேளைகளிலும் அழகு கூடியதாகத் தெரியவில்லை. மனைவி கெஞ்சினாள், கோபித்தாள், ஒருநாள் குசினியில் வெங்காயம் உரிக்காமலே அழுதாள்.

வழி மாமியின் வாயிலிருந்தே பிறந்தது. நாள் முழுதும் அறையிலே கிடப்பது சலிப்பாக இருக்கிறது, ஹோலில் ஓடும் படம் தெரியும்படி கட்டிலைப் போடச் சொல்லு என்றார். மனைவி கட்டிலையும் அலுமாரியையும் மாமி சொன்னபடி இழுத்து இடம் மாற்றினாள். என்ன செய்தாள், மாமி எங்கே இருந்து பார்த்தார் என்பதெல்லாம் நான் அறியேன். மாமியின் அறைக்குள் மருமகன் எட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தெரிகிறது என்று மாமி சொன்னார். அத்துடன் மனைவி ஒரு சட்டத்தை அறிவித்தாள்: கால் மடிந்துகொண்டிருக்கும்வரை படம் ஓடும், கால் நின்றால் படமும் நிற்கும்.

சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அலுவலராக நான் நியமிக்கப்பட்டேன். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டதும், ரிமோட்டோடு கூடத்தில் அமர்வேன். மனைவி அறைக்குள் மாமியின் காலருகே நிற்பாள். கட்டளைகள் சீலையைக் கடந்து வரும்.

"நிப்பாட்டுங்க!"

நிறுத்துவேன். திரையில் கதாநாயகன் ஏணியிலிருந்து பாய்ந்த நிலையில், கை கால் நான்கும் விரிந்து, ஆகாயத்தில் நிற்பான்.

"மகள், அவன் அந்தரத்துல நிக்கான், பாவம். விடச் செல்லு."

"அவன் இறங்கோணுமெண்டா நீங்க காலை இறக்குங்க உம்மா."

"யா அல்லாஹ், நீ என்ட வயித்துல பொறந்தவதானா?"

ஒரு பெருமூச்சு, கட்டில் கிறீச்சிடும் ஒலி, பிறகு, "விடுங்க!" கதாநாயகன் நிலத்துக்கு வந்து சேருவான்.

இவ்வாறு துண்டு துண்டாகப் படம் பார்க்க நேர்ந்ததில் எனக்கொரு பயன் விளைந்தது. ஓடும்போது தெரியாதவை நிற்கும்போது தெரிந்தன. உதை எதிரியின் தாடைக்கு ஒரு சாண் தொலைவில் நிற்க, எதிரி அதற்குள் பாதி விழுந்துவிட்டிருப்பான். பின்வரிசை அடியாள் ஒருவன், தன் முறை வரவில்லை என்ற நிம்மதியில், மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பான். இவை என் கட்சிக்கு வலுச்சேர்த்தன. ஆனால் அதே நிறுத்தம் மறுகட்சிக்கும் சாட்சி சொன்னது. மாடிப்படியில் உருண்டு அடியில் வந்து கிடந்த கதாநாயகனின் முகத்தை ஒருநாள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அன்று மாமி தம் காலை இறக்க மறுத்துவிட்டார். அந்த முகத்தில் நடிப்பில்லை. நொந்த ஒரு மனிதன் நொந்தேன் என்று காட்டாதிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். குரலை எவரும் மாற்றலாம். அந்த விழுகையை மாற்றிக் கொடுக்க ஆளில்லை.

இன்னொன்றையும் கண்டேன். நம் படத்து வீரன் சண்டைக்கு நாள் பார்த்துக் காத்திருக்கிறான். இவனோ முடிந்தவரை ஓடுகிறான், மன்னிப்புக் கேட்கிறான், உட்காரும் வாங்குப் பலகையும் குடையும் அகப்பையும் கையில் அகப்பட்ட ஏதோவொன்றும்தான் அவன் ஆயுதம். ஒரு படத்தில் பத்துப் பேரை அவன் அடித்தது, தன் தலைமீதிருந்த சூப்புச் சட்டி சிந்தாதிருக்க வேண்டும் என்பதற்காக. வீரத்தைவிடச் சட்டியைப் பெரிதாக மதிக்கும் மனிதனை வெறுப்பது கடினம். இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. என் கருத்து மாறியது என்று செய்தி அனுப்ப அவள் காத்திருந்தாள்.

மாமியும் திறனாய்வில் இறங்கியிருந்தார். அடியாட்கள் வரிசையில் நிற்பது அவருக்கும் பிடிக்கவில்லை. "மடயன்மார். எல்லாருமாப் பாய்ஞ்சா முடிஞ்சிரும்" என்று அறைக்குள்ளிருந்து போர்முறை வகுப்பார். அதில் எங்களுக்குள் உடன்பாடு. முரண்பாடு சாப்பாட்டு விடயத்தில் தொடங்கியது.

"மகள், இந்தச் சீனாக்காரனுகள் எல்லாரும் இடக்கையால திங்கிறானுகள். அதான் இந்த அடி வாங்குறானுகள்."

கதாநாயகன் நூடுல்ஸ் உண்டுகொண்டிருந்தான். என் கண்ணெதிரே, ஐயத்துக்கிடமின்றி, வலக்கையால்.

"வலக்கை எண்டு உம்மாட்ட செல்லு" என்றேன்.

மனைவி சொன்னாள். விடை உடனே வந்தது: "நான் கண்ணால பாக்கன். மருமகன்ட கண்ணாடிய ஒருக்கா மாத்தச் செல்லு."

மறுநாள் வேறு படம், வேறு நடிகர்கள், அதே வழக்கு. தேநீர் குடித்தவன், கணக்கு எழுதிய கடைக்காரன், வாளெடுத்த படைத்தலைவன் எல்லாரும் மாமிக்கு இடக்கையர்; எனக்கு வலக்கையர். முதிய கண்ணல்லவா, பரிசோதிக்கலாமே என்று மனைவியிடம் மெல்லச் சொன்னேன். அன்று அவள் திருத்தம் செய்ய மறந்துவிட்டாள் போலும். சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "பள்ளிக்கூடத்துல புள்ளையளுக்கு இடம் வலம் எல்லாம் சரியாத்தான் படிப்பிக்கிறாரா எண்டு கேளு மகள்."

பிறகு அந்தப் படம் வந்தது. கதாநாயகன் சாப்பாட்டுக் கடை வேலையாள். நடுப்படத்தில் வில்லன் அவனுடைய வலக்கையை முறித்துவிடுகிறான். கையைத் துணியில் கட்டித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, இடக்கையால் உண்ணவும் உடுக்கவும் சண்டையிடவும் அவன் பழகுகிறான். நூடுல்ஸ் மூக்கில் ஏறுவதும், ஓங்கிய கை தன் முகத்திலேயே விழுவதுமாகப் படத்தின் சிரிப்பெல்லாம் அந்தப் பழக்கத்தில்தான் இருந்தது. நான் சிரித்தேன். அறைக்குள்ளிருந்து சிரிப்பு வரவில்லை. நெகிழ்ந்த குரல் வந்தது.

"பாத்தியா மகள், வலக்கைக்கு மாறிட்டான். எவ்வளவு கஷ்டப்பட்டுப் பழகுறான் பாரு. அல்லாஹ் ஹிதாயத்தக் குடுத்து நேர்வழி காட்டிட்டான்."

இறுதியில் அந்த ஒற்றைக் கையாலேயே அவன் வில்லனை வென்றபோது மாமி அல்ஹம்துலில்லாஹ் என்றார். என்னால் பொறுக்க இயலவில்லை. வலக்கை முறிந்ததால் அவன் இடக்கைக்கு மாறினான், படத்தின் பொருளே அதுதான், பொருளைத் தலைகீழாக்கினால் பின் என்ன இருக்கிறது என்று மனைவியை முன்னிறுத்திக் கூடத்துக்கும் அறைக்கும் பொதுவாக ஓர் உரை நிகழ்த்தினேன். மனைவி அதைச் சுருக்கவில்லை. சுருக்க இயலாத அளவுக்கு உரத்துச் சொல்லியிருந்தேன்.

பிறகு ஊன்றுகோல் தரையில் தட்டும் ஒலி. சீலை விலகியது. முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு மாமி கூடத்துக்கு வந்தார்.

நான் மரியாதைக்காக எழுந்து வெளியே போக முற்பட்டேன்.

"மருமகன இரிக்கச் செல்லு" என்றார், தொலைக்காட்சியைப் பார்த்தபடி. "ஆர் சரியெண்டு பாத்துட்டுத்தான் போகோணும்."

எனக்கு எதிர்ப்புறமிருந்த குஷன் கதிரையில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தொப்பென்று அமர்ந்தார். நான் படத்தைப் பின்னோக்கி ஓட்டி, கை முறிவதற்கு முந்திய நூடுல்ஸ் காட்சியில் நிறுத்தினேன். கதாநாயகன் குச்சிகளை வாயருகே கொண்டுவந்த நிலையில் நின்றான். மாமி அவனைப் பார்த்தார். தம் வலக்கையை உயர்த்தி அதைப் பார்த்தார். மீண்டும் அவனைப் பார்த்தார்.

"மகள், படத்த மாத்திப் போட்டிரிக்காரா?"

மனைவி ஏதோ தோன்றியவளாக அறைக்குள் ஓடினாள். கட்டிலில் மாமியின் இடத்தில் அமர்ந்து பார்த்திருக்க வேண்டும்; அங்கிருந்து அவள் சிரிப்பு வெடித்தது.

"உம்மா! இவ்வளவு நாளும் நீங்க அலுமாரிக் கண்ணாடியிலதானே பாத்தீங்க, அதுல எல்லாம் மாறித்தான் தெரியும்!"

மருமகன் கண்ணில் படாமல் படம் பார்ப்பதற்காக மாமி கண்டுபிடித்த வழி அது. கதவுச் சீலையின் ஓர இடைவெளி வழியே, அலுமாரிக் கதவிலிருந்த நிலைக்கண்ணாடியில் திரை தெரிந்தது, மாமி தெரியவில்லை. அதனால் ஒரு நாடே இடக்கை நாடாகிவிட்டது. கடைப்பலகைகளும் கொடிகளும் திரும்பித் தெரிந்திருக்கும்தான். ஆனால் சீன எழுத்து இடமிருந்து ஓடினாலென்ன, வலமிருந்து ஓடினாலென்ன, எங்கள் வீட்டில் கண்டுபிடிப்பார் இல்லை.

மாமி தோல்வியை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை.

"அப்ப, கடைசியில அவன் இடக்கையாலயா வெண்டான்?"

"ஓம் உம்மா."

"திண்டதும் இடக்கையாலயா?"

"ஓம்."

"அப்ப அது பிழையான படம்" என்று தீர்ப்பளித்துவிட்டு எழ முயன்றார். எழ முடியவில்லை. அப்போதுதான் கீழே பார்த்தார். குஷன் கதிரை தாழ்வானது. அதில் ஒழுங்காக அமர்ந்தால் முழங்கால் மடிந்தே தீரும். கால் மடிந்து, பாதம் நிலத்தில் பதிந்து, காரைதீவுப் பெண் நாட்கணக்காகக் கேட்டும் கிடைக்காத செங்கோணத்தில், மூலைமட்டம் வைத்தது போல நின்றது. வழக்கின் மும்முரத்தில் அவர் அதை உணரவேயில்லை.

"ஆர் என்ட காலை மடக்கின?" என்றார், குற்றம் சாட்டும் குரலில். உடனே நோவு வந்து சேர்ந்தது. மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு அவர் அலறிய அலறல் எந்தச் சண்டைப் படத்திலும் இல்லை.

மடிந்த காலை மடியாது என்று இனிச் சொல்ல இயலாது. அதுதான் அவருக்கு நேர்ந்த சங்கடம். அடுத்த முறை வந்த பயிற்சிப் பெண்ணிடம் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் சிரித்து முடித்ததும், "அப்ப உம்மா, இண்டையில இருந்து அந்தக் கதிரையிலதான் பயிற்சி" என்றாள். எனவே மாமி கூடத்தில் அமர்ந்து படம் பார்க்கலானார். எனக்கும் அவருக்கும் நடுவே மனைவி அமர்வாள். செய்திகள் பழையபடி அவள் வழியாகவே சென்றுவந்தன, தூரம்தான் குறைந்தது.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, பிழையாகிப்போன காட்சிகளைக் காட்டும் வழக்கம் அப்படங்களுக்கு உண்டு. பாய்ச்சல் தவறிக் கதாநாயகன் மதிலில் மோதுகிறான். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சுருள்கிறான். நால்வர் தூக்கிச் செல்கிறார்கள். மறுபடி வந்து அதே மதிலின் முன் நிற்கிறான். இரண்டு மணி நேரம் எங்களிடம் சொன்ன பொய்யை அவர்களே முன்வந்து ஒப்புக்கொள்ளும் இடம் அது. கீழே விழுபவன் எவனும் உடனே தூசியைத் தட்டிவிட்டு எழுவதில்லை என்பதை அங்கேதான் காட்டுகிறார்கள். நான் வழக்கமாக அந்நேரம் எழுந்து போய்விடுவேன். மாமி போகவிடவில்லை. நூடுல்ஸையும் வில்லனையும்விட அதைத்தான் அவர் ஊன்றிப் பார்த்தார்.

"இவனுக்கும் ஒடைஞ்சிரிக்கி" என்றார் ஒருநாள். பிறகு, "மறுகா எழும்பி வந்திரிக்கான்" என்றார். எவரிடமும் சொல்லச் சொல்லவில்லை.

அதற்காக அவர் ஒரே நாளில் குணமாகிவிட்டார் என்று எழுதினால் நானும் அவ்வகைப் படமொன்றை எழுதியவனாவேன். கால் ஒருநாள் மடிந்தது, மறுநாள் வீங்கியது, ஒரு கிழமை முழுதும் பின்வாங்கியது. பயிற்சிப் பெண் வரும் நாட்களில் நான் கடைக்குப் போய்விடுவேன். மாமி ஏசுவார், அழுவார், மடக்குவார். குஷன் கதிரை போதாதென்று ஆன பிறகு, தலையணைகளை அடுக்கி அவற்றின்மேல் முழங்காலிட்டுப் பழகினார். ஒவ்வொன்றாகத் தலையணைகளை எடுத்தார்கள்.

ஒரு நாள் மாலை, அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நான் படத்தை நிறுத்தினேன்; மாமி எழுந்து அறைக்குள் போனார். பள்ளிவாசலுக்குப் புறப்பட்டவனை மனைவி கையசைத்து நிறுத்தினாள். அவள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே மாமி தொழுகைப் பாயை விரித்து, கதிரையைப் பின்னே எட்டும் தூரத்தில் தள்ளிவைத்துவிட்டு நின்றிருந்தார் என்று பின்னர் சொன்னாள். நான் கண்டது மனைவியின் முதுகை மட்டுமே. அது நிமிர்ந்திருந்தது, சிறிது குனிந்தது, அப்படியே அசையாமல் நெடுநேரம் நின்றது. உள்ளே கைகள் பாயில் ஊன்றும் ஓசை கேட்டது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. நான் செருப்பைப் போட்டும் போடாமலும் நின்றேன். பிறகு மூச்சு ஒன்று, நீளமாக, தரைக்கு மிக அருகிலிருந்து வெளிவந்தது.

மாமி சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பின்பே மனைவி வாயைத் திறந்தாள்.

"நோகுதா உம்மா?"

"நோகாம? படமா இது?"

நான்கு ரக்அத்துகளில் முதல் இரண்டையும் நெற்றி நிலத்தில் படத் தொழுதிருந்தார். மிகுதி இரண்டையும் கதிரையில்.